எழுதுவதற்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்

2002 கோடை விடுமுறையில் எங்கள் ஊர்த் தேரோட்டம் பற்றி முதியவர்கள் ஒன்பது பேரிடம் கேட்டு எழுதினேன். வடம் பிடிக்கும் வரிசை எப்படி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் யார், எந்த வருடம் தேர் தெருமுனையில் நகராமல் நின்றுவிட்டது என்றெல்லாம் சொன்னார்கள். ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்து நானே அடித்தேன். 43 பக்கம் வந்தது. பத்து வருடம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தபோது அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து பக்கம் பக்கமாக ஓடின. அன்று பயன்படுத்திய எழுத்துரு என்னிடம் இல்லை, கடையையும் மூடிவிட்டார்கள். என்னிடம் பேசிய ஒன்பது பேரில் ஆறு பேர் அதற்குள் காலமாகியிருந்தார்கள்.

தமிழில் இருபது முப்பது வருடமாகக் கணினியில் எழுதிவரும் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். அதனால் எழுதும் கருவியைத் தேர்ந்தெடுப்பதை வசதி சம்பந்தப்பட்ட சின்ன விஷயமாக நான் நினைப்பதில்லை. எழுதியது நம் கையில் தங்குமா என்பது அதில்தான் இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: எழுதும் வேலையை வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் செய்யுங்கள், பக்கம் அமைக்கும் வேலையைக் கடைசியில் வேறு கருவியிடம் கொடுங்கள்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

என் 43 பக்கங்கள் அழிந்துபோகவில்லை. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு போனால் அந்த ஐந்து குறிகள் மட்டுமே மிஞ்சும். வேறொரு நிறுவனத்தின் எழுத்துருவில் அதே சொல்லுக்கு வேறு குறிகள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியேற்றங்களும் வந்தன. இணையத் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கியும் இருந்தது. ஆனாலும் அச்சகங்கள் அவரவர் வாங்கிய எழுத்துருவிலேயே தொடர்ந்தன.

யூனிகோடில் இந்தச் சிக்கல் இல்லை. 1991-ல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. தமிழ்நாடு அரசு 2010-ல் அதைத் தரமாக ஏற்றது. யூனிகோடில் 'த' என்றால் எந்த எழுத்துருவிலும் 'த'தான். ஒவ்வொரு குறிக்கும் யூனிகோடு தரும் எண்ணைக் கோப்பில் எழுதிவைக்க இன்று உலகம் முழுக்கப் பயன்படும் முறை யூடிஎஃப்-8. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-ல் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, மேசையில் தட்டுக்கு அடியில் போடும் காகிதத்தில் அதை வகுத்தார்கள். அதன்படி ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆக 15 பைட். அறுபதாயிரம் சொல் கொண்ட நாவல்கூட இரண்டு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

டெக்ஸ்ட் ஃபைலில் இருப்பது அந்தக் குறிகளின் வரிசை மட்டுமே. எழுத்துரு, அளவு, நிறம், ஓரம் எதுவும் அதில் இல்லை. வேர்டு கோப்பின் அமைப்பு வேறு. 2007 முதல் வரும் டாக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதன் பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், பல எக்ஸ்எம்எல் கோப்புகள் கிடைக்கும். உங்கள் வாக்கியம் அவற்றில் ஒன்றுக்குள், பாணிக் குறிப்புகளுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும். அதற்கு முந்தைய டாக் கோப்பை அப்படிக்கூடத் திறந்து படிக்க முடியாது. அதைப் புரிந்துகொள்ளும் செயலி ஒன்று உயிரோடு இருக்க வேண்டும்.

செயலிகளும் நிரந்தரமில்லை. விண்டோஸ் 95 காலத்திலிருந்து கூடவே வந்த வேர்டுபேட், 2024-ல் விண்டோஸ் 11-லிருந்து நீக்கப்பட்டது. மறுபக்கம் பாருங்கள். 1971 ஜூலை 4 அன்று மைக்கேல் ஹார்ட் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை ஒரு பல்கலைக்கழகக் கணினியில், முழுவதும் பெரிய எழுத்தில், வெறும் எழுத்தாக அடித்துவைத்தார். குட்டன்பர்க் திட்டம் அதிலிருந்துதான் தொடங்கியது. அதே வகைக் கோப்பை இன்றைய மலிவான கைபேசியும் திறக்கும். நம் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அதன் பழைய நூல்கள் யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றங்களில் வந்தவை. பிறகு அவை யூனிகோடுக்கு மாறி, இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. உள்ளே இருந்தது வெறும் எழுத்து என்பதால்தான் அந்த மாற்றம் அவ்வளவு எளிதாக நடந்தது.

வேர்டில் தமிழ் எழுதும்போது வரும் தனிப்பட்ட தொல்லை ஒன்றையும் சொல்ல வேண்டும். அது தமிழைக் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற வகையில் சேர்த்து, அதற்குத் தனி எழுத்துருவும் தனி அளவும் வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு மாற்றிய அளவு தமிழுக்குப் போகாது. ஒரு பத்தி லதா எழுத்துருவிலும் அடுத்த பத்தி நிர்மலா எழுத்துருவிலும் நிற்கும். அதைச் சரிசெய்ய உட்கார்ந்தால் அரை மணி நேரம் போய்விடும். அதற்குள் சொல்ல வந்த வாக்கியம் மனதைவிட்டுப் போயிருக்கும்.

எந்த எடிட்டர்

விண்டோஸில் நோட்பேடே போதும். ஆனால் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, சேமிக்கும்போது கீழே தெரியும் 'என்கோடிங்' யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். 2019-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதுவே இயல்பாக இருக்கிறது. அதற்கு முந்தைய கணினிகளில் 'ஆன்சி' என்று இருக்கும். எச்சரிக்கையைப் பார்க்காமல் ஓகே கொடுத்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படும். மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து எதையும் மீட்க முடியாது. நூலகங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் பழைய கணினிகள் இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டாவது, 'வேர்டு ராப்' போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒரு பத்தி ஒரே வரியாக வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது எழுத்தளவு. ங, ஞ, ண போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு வைப்பதைவிட இரண்டு மூன்று புள்ளி கூட்டி வையுங்கள். பிழை கண்ணில் படும்.

நூல் அளவுக்கு வேலை பெரிதானால் நோட்பேட்++ அல்லது விஷுவல் ஸ்டூடியோ கோடுக்குப் போகலாம். இரண்டும் இலவசம். ஒரு கோப்புறையில் உள்ள எல்லா அத்தியாயங்களிலும் ஒரே நேரத்தில் தேடலாம் என்பதற்காகவே நான் இவற்றைப் பரிந்துரைக்கிறேன். லினக்ஸில் கேட் அல்லது ஜிஎடிட். மேக்கில் டெக்ஸ்ட்எடிட் இருக்கிறது, ஆனால் அது இயல்பாக ஆர்டிஎஃப் கோப்பாகச் சேமிக்கும். 'ஃபார்மட்' பட்டியலில் 'மேக் பிளெயின் டெக்ஸ்ட்' என்பதை அழுத்திய பிறகே எழுதத் தொடங்குங்கள்.

கணினி நிரலாளர்கள் விம், ஈமாக்ஸ் என்று சொல்வார்கள். இரண்டின் வேரும் 1970-களில் இருக்கிறது, இரண்டும் அருமையான கருவிகள். ஆனால் கறுப்புத் திரை டெர்மினலில் தமிழ் ஒழுங்காகத் தெரிவது அரிது. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற கணக்கில் அமைந்த திரை அது. 'கௌ'வும் 'ணை'யும் அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஈமாக்ஸ் 2020-ல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகத்தைப் பயன்படுத்துகிறது. தனிச் சாளரத்தில் திறந்தால் அதில் தமிழ் அழகாகவே வருகிறது.

எந்த எடிட்டரானாலும் ஐந்து நிமிடச் சோதனை ஒன்றைச் செய்துவிட்டு முடிவெடுங்கள். 'கொக்கு, பூங்கொத்து, கௌரவம், லக்ஷ்மி, ஸ்ரீரங்கம்' என்று அடியுங்கள். அம்புக்குறி விசையால் கர்சரை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்துங்கள். கர்சர் ஒரு 'கொ'வின் நடுவில் நிற்கிறதா? சாளரத்தைக் குறுக்கும்போது கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் பிரிகிறதா? பேக்ஸ்பேஸ் தட்டினால் 'மி' முழுவதும் போகிறதா, இகரக் குறி மட்டும் போய் 'ம' நிற்கிறதா? பெரும்பாலான எடிட்டர்களில் குறி மட்டும்தான் போகும். அது பிழை இல்லை. அப்படி இருப்பதே நல்லது, 'மி'யை 'மீ'யாகத் திருத்த மெய்யைத் திரும்ப அடிக்க வேண்டாம்.

தட்டச்சு முறை உங்கள் பழக்கம். தமிழ்99 ஆகட்டும், ஒலிபெயர்ப்பு ஆகட்டும், பழைய டைப்ரைட்டர் முறை ஆகட்டும், இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவை எல்லாவற்றையும் யூனிகோடில் தரும். புதிதாகக் கற்பவருக்கு நான் தமிழ்99-ஐத்தான் சொல்வேன். உயிர் ஒரு கையிலும் மெய் பெரும்பாலும் மறுகையிலும் வருவதால் விரல்கள் சீக்கிரம் பழகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

டெக்ஸ்ட் ஃபைலில் எழுதத் தொடங்கியபின் தமிழின் சில நுணுக்கங்களை நான் முதல்முறையாகக் கவனித்தேன். 'கௌரவம்' என்பதை 'கெளரவம்' என்று, அதாவது கெ போட்டு அதன் பக்கத்தில் ள போட்டு அடிப்பவர்கள் ஏராளம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. 'ஔவை'க்குப் பதில் ஒ, ள, வை என்று அடிப்பதும் இதே வகை. 'கொ'வில் காலுக்குப் பதில் ரகரத்தைப் போடுவது பழைய அச்சுப்பிரதியை ஸ்கேன் செய்து எடுத்த கோப்புகளில் அடிக்கடி வரும்.

இதைவிட நுட்பமானது ஒன்று உண்டு. 'ஒ'கரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். சில பழைய மாற்றிகள் இரண்டாவது வழியில் எழுதித் தருகின்றன. திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடும்போது கோப்பில் பாதி இடங்கள் விட்டுப்போகும். 'ஸ்ரீ'யிலும் அப்படித்தான். 2005-ல் யூனிகோடில் ஶ என்ற எழுத்து சேர்ந்ததிலிருந்து, ஸ போட்ட ஸ்ரீ, ஶ போட்ட ஶ்ரீ என்று இரண்டு புழக்கத்தில் இருக்கின்றன. நூலை முடித்ததும் இந்த நான்கைந்து இணைகளையும் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' கொண்டு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பத்து நிமிட வேலை. சொல்லடைவு தயாரிக்கும் நாளில் அதன் அருமை தெரியும்.

'முழுச் சொல் மட்டும்' என்ற தேடல் வசதியைத் தமிழில் நம்பாதீர்கள். சில செயலிகள் புள்ளியையும் உயிர்க்குறியையும் எழுத்தின் பகுதியாக எடுத்துக்கொள்ளாமல் சொல்லை நடுவிலேயே முடித்துவிடும். கறுப்பு, கருப்பு இரண்டில் ஒன்றை நூல் முழுக்க வைக்க வேண்டுமென்றால் 'கறுப்' வரை தேடி, ஒவ்வோர் இடத்தையும் பார்த்தே மாற்றுங்கள்.

தலைப்பும் அழுத்தமும்

வெறும் எழுத்தில் தலைப்பை எப்படிக் காட்டுவது என்று கேட்பார்கள். ஜான் குரூபர் 2004-ல் வெளியிட்ட மார்க்டவுன் அதற்கு எளிய வழி. வரியின் தொடக்கத்தில் # போட்டு ஓர் இடம் விட்டால் தலைப்பு, ## போட்டால் உட்தலைப்பு. மேற்கோள் பத்திக்கு முன்னால் > குறி. பத்திக்கும் பத்திக்கும் நடுவில் ஒரு வெற்று வரி. அழுத்தத்துக்குச் சொல்லின் இருபுறமும் உடுக்குறி. கட்டுரையாளருக்கும் நாவலாசிரியருக்கும் இதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

அழுத்தத்துக்கு அடிக்கோட்டுக் குறியையும் மார்க்டவுன் ஏற்கும், ஆனால் தமிழில் அதைத் தவிருங்கள். நம் மொழியில் உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். \*பாரதி\*யின் என்று உடுக்குறி போட்டால் 'பாரதி' மட்டும் அழுத்தமாகி 'யின்' இயல்பாக நிற்கும். அடிக்கோடு போட்டால் சொல்லின் நடுவில் அது வேலை செய்யாது, குறி அப்படியே அச்சில் வந்துவிடும். சாய்வெழுத்தைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் கறாரானது. தமிழ் அச்சில் சாய்வெழுத்து வேரூன்றவில்லை. பெரும்பாலான எழுத்துருக்களில் நேரெழுத்தைச் சரித்துவைப்பதோடு சரி, படிக்கக் கண் உறுத்துகிறது. நூல் பெயரை ஒற்றை மேற்கோள்குறிக்குள் போடுங்கள்.

எழுதி முடித்த கோப்பை மற்ற வடிவங்களுக்கு மாற்ற பாண்டாக் இருக்கிறது. பெர்க்லியில் தத்துவப் பேராசிரியரான ஜான் மேக்ஃபார்லேன் 2006-ல் வெளியிட்ட இலவசக் கருவி. அதே மார்க்டவுன் கோப்பிலிருந்து பதிப்பகத்துக்கு டாக்ஸ், மின்னூலுக்கு இபப், இணையத்துக்கு எச்டிஎம்எல் எல்லாம் எடுக்கலாம். அடிக்குறிப்புகளும் ஒழுங்காகப் போய்ச் சேரும். பிடிஎஃப் எடுக்கும்போது மட்டும் கவனம் தேவை. அது இயல்பாக அழைக்கும் பிடிஎஃப்லாடெக் தமிழை அறியாது. ஸீலாடெக் என்ற இயந்திரத்தைக் கேட்டு, நோட்டோ போன்ற ஒரு தமிழ் எழுத்துருவின் பெயரையும் கொடுக்க வேண்டும். அது சிரமமாகப் பட்டால் டாக்ஸ் எடுத்து, லிப்ரெஆபிஸில் திறந்து, அங்கிருந்து பிடிஎஃப் ஆக்குங்கள்.

வேர்டை எப்போது எடுப்பது

எல்லாவற்றுக்கும் டெக்ஸ்ட் ஃபைல் என்று நான் சொல்லமாட்டேன். கல்யாணப் பத்திரிகை, விண்ணப்பம், நிறைய அட்டவணை உள்ள அறிக்கை இவற்றை வேர்டிலோ லிப்ரெஆபிஸிலோ செய்வதுதான் முறை. பல்கலைக்கழகம் குறிப்பிட்ட வடிவத்தில் ஆய்வேடு கேட்டால் கடைசி வடிவம் அதில்தான் இருக்க வேண்டும். பதிப்பாசிரியர் 'டிராக் சேஞ்சஸ்' போட்டுத் திருத்தி அனுப்பினால், திருத்தம் முடியும்வரை அந்தக் கோப்பே மூலம். முடிந்ததும் திருத்தங்களை உங்கள் டெக்ஸ்ட் ஃபைலிலும் சேர்த்துவிடுங்கள். இதைச் சோம்பலில் தள்ளிப்போட்டு, இரண்டாம் பதிப்புக்குப் பழைய பிரதியை அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

அத்தியாயங்களை அடுக்கிவைப்பது

ஓர் அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு. பெயரின் தொடக்கத்தில் 01, 02 என்று எண். எந்தக் கணினியிலும் வரிசை குலையாது.

பழைய வடிவங்களைக் காக்க, தினமும் முடிக்கும்போது தேதி போட்டு ஒரு நகல் எடுப்பதே பலருக்குப் போதும். கொஞ்சம் கற்க மனமிருந்தால், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய கிட் எந்த நாளில் எந்த வரி மாறியது என்பதைக் காட்டும். அது வரி வரியாக ஒப்பிடுவதால், வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். பெல் ஆய்வகத்தின் பிரையன் கெர்னிகன் 1974-லேயே யூனிக்ஸ் கற்பவர்களுக்குச் சொன்ன யோசனை இது. மார்க்டவுன் அந்த வரிகளை ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும். எனக்கு இதில் இன்னொரு பயனும் கிடைத்தது: எந்த வாக்கியம் அனுமார் வால் போல நீண்டுவிட்டது என்று பார்த்தவுடனே தெரிகிறது. கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் கிட் அதை எண்களாகக் காட்டிப் பயமுறுத்தும். 'கோர்.குவோட்பாத்' என்ற அமைப்பை அணைத்தால் சரியாகிவிடும்.

பழைய கோப்புகளை மீட்பது

பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பு உங்களிடம் இருந்தால் அதை உடனே டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமித்துவிடாதீர்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் வேர்டு கோப்பில் இருக்கும் எழுத்துருத் தகவல் நமக்குத் தேவை. கட்டுரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருக்கும். அவற்றை ஆங்கிலம் என்று அடையாளம் காட்டுவது அந்த எழுத்துருப் பெயர் மட்டும்தான். அதை இழந்தபின் மாற்றியில் போட்டால், ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தாக மாறிப் பொருளற்ற கூட்டமாகிவிடும்.

வரிசை இப்படி. வேர்டிலேயே திறந்து, குழப்பமாகத் தெரியும் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, மேலே தெரியும் எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் தெரியும். பிறகு தேடும் வசதியில் எழுத்துருவை வைத்துத் தேடி, ஆங்கிலப் பகுதிகளை எல்லாம் ஒரு தனித்தாளுக்கு எடுத்து, அவை இருந்த இடத்தில் @1, @2 என்று எண் போடுங்கள். இப்போது தமிழை நகலெடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் அந்த எழுத்துருவின் பெயரைச் சொல்லி யூனிகோடாக்குங்கள். சில மாற்றிகள் அந்த @ குறியைக்கூடத் தமிழ் எழுத்தாக்கிவிடும். முதலில் ஒரு பக்கத்தில் சோதித்து, தேவையானால் வேறு குறி வையுங்கள். கடைசியாக ஆங்கிலச் சொற்களை அவற்றின் இடத்தில் ஒட்டி, யூடிஎஃப்-8-ல் சேமியுங்கள்.

என் 43 பக்கத்துக்கு இந்த வேலை பதினொரு மாலைகள் பிடித்தது. எழுத்துரு பாமினி வகையைச் சேர்ந்ததுதான், ஆனால் சில எழுத்துகளை மட்டும் அந்தக் கடைக்காரர் இடம் மாற்றியிருந்தார். எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒரு காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றாகத் தேடி மாற்றினேன். முட்டுக்கட்டை போட்டவர்களின் பெயர்களில் ன, ண எது என்று சந்தேகம் வந்த இடங்களை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுத் திருத்தினேன்.

மீட்டு முடித்த பிறகும் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். புதிய டெக்ஸ்ட் ஃபைலுக்குப் பக்கத்திலேயே, எழுத்துருவின் பெயரையும் மாற்றிய தேதியையும் சொல்லும் சிறு குறிப்போடு வையுங்கள்.